மருந்துக்கடை ஒழுங்குமுறை வரலாறு: பன்னாட்டு ஒப்பீடும் சிவகாசி வட்டாரமும்

முன்னுரை

மருந்தை யார் விற்கலாம், கடையை யார் உடைமையாகக் கொள்ளலாம், எம்மருந்தைச் சீட்டின்றித் தரலாம் என்னும் மூன்று வினாக்களுக்கு ஒவ்வொரு நாடும் தன் வரலாற்றுச் சூழலுக்கேற்ப விடை கண்டுள்ளது. அவ்விடைகளை ஒப்பிட்டு, இந்தியச் சட்டம் சிவகாசிப் பட்டாசுத் தொழில் வட்டாரத்திற்கு எவ்வளவு பொருந்துகிறது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறநாட்டு நெறிகள்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரெடரிக், சிசிலியில் மருத்துவத் தொழிலையும் மருந்து வணிகத்தையும் பிரித்து ஆணையிட்டார். இப்பிரிவினை மருந்தாளுநரைத் தனித் தொழிலராக்கியது. ஜெர்மனி அவருக்கே கடையின் உடைமையையும் அளித்தது; இவ்விதியை ஐரோப்பிய நீதிமன்றம் 2009இல் ஏற்றது. உடைமையுரிமையோடு, முறைவைத்து இரவில் கடை திறக்கும் கடமையும் அங்குண்டு. பிரிட்டன் உடைமையைக் காட்டிலும் பொருளின் தன்மையைக் கருதியது. 1868ஆம் ஆண்டுச் சட்டம் அபின், ஆர்சனிக் முதலிய நச்சுப்பொருள்களின் விற்பனையை நெறிப்படுத்தியது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துகளைச் சீட்டுக்குரியவை, மருந்தகத்திற்குரியவை, பொது விற்பனைக்குரியவை என மூவகைப்படுத்தியது. சுவீடனிலோ 1971 முதல் 2009 வரை மருந்துச் சில்லறை விற்பனை அரசின் தனியுரிமையாக இருந்தது.

இந்தியச் சட்டங்கள்

போலி மருந்துகள் பெருகியமையால் 1930இல் ஆர்.என். சோப்ரா தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளின் வழியே 1940இல் மருந்துச் சட்டமும் 1945இல் விதிகளும் 1948இல் மருந்தியல் சட்டமும் தோன்றின. இவற்றின்படி எவரும் கடை நடத்தலாம். பதிவுபெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வை மட்டும் வேண்டும். பிரிட்டனின் பொது விற்பனை வகைக்கு நிகரான தனிவகை 1945 விதிகளில் இல்லை. அதற்கு அணுக்கமானது 'கே' அட்டவணையின் விலக்கு. ஆயிரம் பேருக்கு மிகாத சிற்றூரில் பாராசிட்டமால், இருமல் மாத்திரை, தீப்புண் களிம்பு போன்றவற்றை உரிமமின்றி விற்க அது இடமளித்தது.

சிவகாசி வட்டாரம்

1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலின் தொடர்ச்சியாகப் பட்டாசுத் தொழில் இங்கு வளர்ந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 150 தொழிலாளர்க்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றது. உரிமமின்றி வீடுகளில் பட்டாசு செய்வோர்க்கு அப்பெட்டி இல்லை. அவர்க்கு எட்டுவது ஊர்ப் பெட்டிக்கடைக் களிம்பே. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தகைய பெருந்தீக்காயத்திற்குக் களிம்பு மருந்தன்று. உடனே குளிர்ந்த நீர் ஊற்றுவதும் மருத்துவமனைக்கு விரைவதுமே உயிர்காக்கும். அதனைச் சொல்லத் தகுதியுடைய மருந்தாளுநரை வேண்டாது விடுவதே 'கே' அட்டவணை விலக்கின் இயல்பாகும்.

முடிவுரை

'கே' அட்டவணை ஊரின் மக்கள்தொகையை எண்ணியது; அவ்வூரார் செய்யும் தொழிலின் இடரை எண்ணவில்லை. ஜெர்மனியின் உடைமை விதி இந்தியச் சிற்றூர்க்குப் பொருந்தாது. மருந்தாளுநர் வந்து சேரும்வரை கடையே இல்லாமற் போகும். ஆயின் உரிமையோடு கடமையை இணைக்கும் அதன் நெறி பொருந்தும். இடர்மிகு தொழில் வட்டாரங்களில் மருந்துக்கடை உரிமத்தோடு இரவுப்பணி முறையையும், விலக்குப் பெற்ற சிறுகடையினர்க்குத் தீக்காய முதலுதவிப் பயிற்சியையும் இணைத்தல் தகும்.