ஒரு பிரதி போதாது

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாள் அதிகாலையில் எனது கணினி இயங்க மறுத்தது. பெட்டிக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்ற ஒலி மட்டும் கேட்டது. திருத்துநர் கழற்றிப் பார்த்துவிட்டு, "வன்தட்டு பழுதாப்போச்சு ஐயா, ஒண்டும் எடுக்கேலாது" என்றார். பதினொரு ஆண்டுக் காலக் கட்டுரைகளும், காலமாகிவிட்ட மூத்த பத்திரிகையாளர் ஒருவருடன் நான் நிகழ்த்திய நீண்ட உரையாடலின் ஒலிப்பதிவும் அதனுள் இருந்தன. கட்டுரைகள் பத்திரிகைகளில் வெளிவந்தவை, தேடிச் சேர்த்துவிடலாம். அந்தக் குரலை எங்கே தேடுவது?

வன்தட்டின் வரலாறு 1956இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய ராமாக் கணினியின் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் சுழன்றன. எடை ஏறத்தாழ ஒரு தொன். கொள்ளளவோ 50 இலட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று உள்ளங்கையில் அடங்கும் வன்தட்டு அதனிலும் இலட்சக்கணக்கான மடங்கு கொள்ளும். ஆயினும் அடிப்படை மாறவில்லை. சுழலும் தட்டின்மேல், தலைமயிரின் தடிப்பிலும் பல ஆயிரம் மடங்கு குறைந்த இடைவெளியில், வாசிக்கும் முனை மிதக்கிறது. அது தட்டில் உரசினால் காந்தப்பூச்சு சிதைந்துவிடும். பொறி பழுதடைவது இயல்பு. ஒரே பொறியை நம்பியிருந்ததே என் பிழை.

இப்பாடம் நமக்குப் புதியதன்று. ஓலை செல்லரிக்கும் என்பதறிந்த முன்னோர், பழைய ஏடு அழியுமுன் புதிய ஏட்டிற் படியெடுத்தனர். படியெடுப்பாரில்லாத நூல்கள் மறைந்தன. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். சிலர் வீட்டுச் சுவடிகளில் முடங்கியிருந்த நூல் பல ஊர்களுக்கும் பரவியது.

1981 மே இறுதியில் தொடங்கிய வன்செயல்களின்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 'ஈழநாடு' பத்திரிகைப் பணிமனையும் தப்பவில்லை. என் வன்தட்டு தானாகவே பழுதடைந்தது. நூலகத்தை மனிதர் எரித்தனர். இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் மீட்சியின் வழி ஒன்றுதான். வேறிடங்களிற் பிரதியிருந்த அச்சு நூல்களை மீண்டும் தேடிப்பெற முடிந்தது. வேறு பிரதியில்லாத சுவடிகள் போனவை போனவையே. 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்படிகளாக்கிப் பேணுவதன் பெறுமதியை இவ்விழப்பை அறிந்தவர்கள் உணர்வர்.

இப்பொழுது என் கோப்புகள் மூன்று இடங்களில் உள்ளன. ஒன்று கணினியில், மற்றொன்று மேசை இழுப்பறையிலுள்ள வெளி வன்தட்டில், மூன்றாவது கடல்கடந்து மகளின் வீட்டில். ஒரே கூரையின்கீழ் எத்தனை பிரதிகள் இருந்தாலும், தீக்கும் வெள்ளத்துக்கும் அவை ஒரு பிரதியே. ஞாயிறுதோறும் புதியவற்றைச் சேர்க்கிறேன். இடையிடையே திறந்து, அவை வாசிக்கக் கூடியனவாக உள்ளனவா என்றும் பார்க்கிறேன். திறந்து பாராத பிரதியை நம்புதல் ஆகாது.

அப்பெரியவர் கூறியவற்றுள் நினைவில் நின்றவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைத்துள்ளேன். அது அவர் குரலாகாது. உங்கள் பெற்றோரின் குரலோ, ஊர்வீட்டின் படமோ ஒரே இடத்தில் மட்டும் இருக்குமாயின், இன்றே இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள்.