கடல்கடந்த கல்வியும் கரைசேர்ந்த பயனும்

நாம் மிஷன் கல்லூரியொன்றிற் பயின்றவர்கள். உயர்தர வகுப்பிலே எம்முடன் ஒரே வாங்கில் இருந்தவர்களுட் சிலர் இன்று மெல்போணிலும் இலண்டனிலும் சென்னையிலும் படிக்கின்றனர். ஆண்டுதோறும் எவரையாவது வழியனுப்பிவிட்டுத் திரும்புகின்றோம். “எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் இல்லை” என்று வீட்டிலே பெரியோர் பெருமூச்சு விடுகின்றனர். இக்கூற்று முற்றும் பொருந்துமா? பட்டப்படிப்பை நாடிக் கடல் கடத்தல் எம்மவர்க்குப் புதிதன்று. அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறுண்டு. அதனைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்க மிஷனரிமார் 1823 ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். கணிதம், வானசாத்திரம், தமிழ், ஆங்கிலம் முதலியன அங்கே உயர்ந்த தரத்திற் கற்பிக்கப்பட்டன. ஆயினும் பட்டம் வழங்கும் உரிமை அதற்கில்லை. 1855 இல் அது மூடப்பட்டது. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அதன் முதலாவது பீ. ஏ. சோதனையிற் சித்தியெய்திய இருவரும் வட்டுக்கோட்டையிற் பயின்ற யாழ்ப்பாணத்தவரே. ஒருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் காரல் விசுவநாதபிள்ளை. தாயகத்தில் இல்லாத பட்டத்தை அயற்கரையிலே பெற்றனர்.

தாமோதரம்பிள்ளை தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தமிழகத்திலேயே கழித்தார். 1901 இல் அங்கேயே காலமானார். ஆயின் அவரை நாம் இழந்தோமென்று கூறலாமோ? செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து, 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இற் கலித்தொகையையும் அச்சேற்றியவர் அவர். அந்நூல்கள் பாக்குநீரிணையைக் கடந்து எம் மேசைக்கு வந்து சேர்ந்தன.

அடுத்து, இங்கிலாந்தை நோக்கிய பயணத்தைக் காண்போம். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1870 இற் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜிலுள்ள கிறைஸ்ற் கல்லூரிக்குச் சென்றார். 1875 இல் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். அக்காலத்தில் இத்தகைய பயணம் புலமைப்பரிசிலாளர்க்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைகட்குமே வாய்த்தது. தாம் பெற்ற பேறு மற்றையோர்க்கு எட்டாதிருத்தல் முறையன்றென அவர் உணர்ந்தார் போலும். 1906 இல் இலங்கைக்கொரு பல்கலைக்கழகம் வேண்டுமென்ற இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1921 இற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டதைக் கண்ட பின்னரே, 1924 இல் அவர் மறைந்தார்.

கடல் கடவாமலே பிறநாட்டுப் பட்டம் பெறும் வழியொன்றும் இருந்தது. தன் கல்லூரிகளிற் படியாதோரும் சோதனைக்குத் தோற்றலாமென இலண்டன் பல்கலைக்கழகம் 1858 இல் விதி வகுத்தது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், துறவுக்கு முன், 1916 இல் இவ்வாறே விஞ்ஞானப் பட்டதாரியானார். பின்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார். அயலிற் கற்கச் சென்ற நாட்டவருள் ஒருவரே அயலாருக்குக் கற்பிக்கச் சென்று மீண்டமை கவனிக்கத்தக்கது.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் நிலைமை மாறிற்று. முதற்பட்டத்தை இங்கே பெற்று, மேலாராய்ச்சிக்கு வெளிநாடு சென்று, விரிவுரையாளராக மீளுதல் வழமையாயிற்று. கைலாசபதியும் சிவத்தம்பியும் பேமிங்காம் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பினர். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் கைலாசபதியே.

ஆனால், அதற்குள் வேறொரு கதவு அடைபடத் தொடங்கிவிட்டது. 1971 இல் தரப்படுத்தல் வந்தது. மருத்துவ பீடத்தினுட் புக, 400 புள்ளிகளுள் தமிழ் மாணவர்க்கு 250 வேண்டப்பட்டது. சிங்கள மாணவர்க்கு 229 போதுமாயிற்று. பின்னர் மாவட்ட அடிப்படையும் சேர்க்கப்பட்டது. இடம் மறுக்கப்பட்டோருட் பணவசதியுள்ளோர் பிறநாடுகளை நாடினர். 1983 ஆம் ஆண்டின் கலவரத்துக்குப் பின்போ, படிக்கச் சென்றவர் யார், உயிர் தப்பச் சென்றவர் யாரெனப் பிரித்தறிய இயலாதாயிற்று. திரும்பி வருவதற்கு வீடே இல்லாத மாணவன் எங்கே திரும்புவான்?

இன்றும் உயர்தரத்திற் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரிற் பெரும்பாலோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை. 2022 இற் பொருளாதாரம் வீழ்ந்தபோது, சுமார் 200 ரூபாவாயிருந்த டொலர் 360 ரூபா வரை ஏறிற்று. வெளிநாட்டுக் கட்டணம் மலைபோல் உயர்ந்தது. அவ்வாறிருந்தும் புறப்படுவோர் ஓயவில்லை. தங்கைக்கெனப் பேணிய சீதனக் காணியை ஈடுவைத்து அண்ணனை அனுப்பிய குடும்பங்களை நாம் அறிவோம். அருணாசலத்தைப் புலமைப்பரிசில் அனுப்பிற்று. எம் தோழரை அனுப்புவது கடன். கடனாளியாய்ச் செல்பவன், படிப்பு முடிந்ததும் அதிக ஊதியம் கிடைக்குமிடத்திலேயே தங்கிவிடுதல் வியப்பன்று. அவனைப் பழித்துப் பயனில்லை.

இவ்வரலாற்றால் நாம் அறிவன இரண்டு. உள்ளூரிற் கதவு இல்லாதபோதும், இருந்த கதவு அடைபட்டபோதுமே இளைஞர் பெருந்தொகையாகக் கடல் கடந்தனர். எனவே புறப்படுவோரைக் குறைகூறுமுன், இங்குள்ள கதவுகளை அகலத் திறக்க என்ன செய்தோமென்று நாம் கேட்டல் வேண்டும். மற்றது, ஒருவரின் உடல் மீளுதலைக் காட்டிலும் அவர் கற்றது மீளுதலே முதன்மையானது. அருணாசலம் மீண்டார், தாமோதரம்பிள்ளை மீளவில்லை, இருவர் கல்வியாலும் நாம் பயனடைந்தோம்.

ஆதலின் பெரியோர்களே, காணியை ஈடுவைக்குமுன் பிள்ளை எதைக் கற்கப் போகின்றான், எதற்காகக் கற்கப் போகின்றான் என்று அவனோடிருந்து பேசுங்கள். செல்லும் தோழர்களே, நீங்கள் அங்கே வாசித்த நல்ல நூலொன்றை நாம் படித்த பழைய கல்லூரியின் நூலகத்துக்கு ஆண்டுக்கொருமுறையேனும் அனுப்புங்கள். விடுமுறையில் வரும்போது உயர்தர வகுப்பிலே ஒரு மணிநேரம் பாடம் சொல்லுங்கள். இங்கு நிற்கும் நாம் அவ்வகுப்பை ஒழுங்குசெய்து வைத்திருப்போம்.