கோட்டைக்குள் ஒரு தேவாலயம்

எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் வகுப்பில் ஐரோப்பியப் பேராலயங்களின் படங்களைக் காட்டுவார். ரோம் புனித பேதுரு பேராலயத்தை 1506இல் தொடங்கி 1626இல் அர்ச்சித்தார்கள். ஜெர்மனியின் கொலோன் பேராலயத்துக்கு 1248இல் அடிக்கல், முடிந்தது 1880இல். கோபுர உயரம் 157 மீட்டர்! வாயைப் பிளந்து பார்ப்போம்.

ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "தம்பி, நம்ம வேலூர் கோட்டைக்குள்ள இருக்கிற சர்ச்சைப் பாத்திருக்கியா?"

"பாத்திருக்கேன் சார். அதுல என்ன இருக்கு?"

அன்று மாலையே அழைத்துப் போனார். 1846இல் ராணுவத்தினருக்காகக் கட்டிய புனித யோவான் ஆலயம். எளிய கட்டடம்தான். ஆனால் அது நிற்கும் மண்?

அதற்கு 40 ஆண்டுகள் முன்பு, 1806 ஜூலை 10 விடியலுக்கு முன், இதே கோட்டையில்தான் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு. மதம் மாற்றிவிடுவார்களோ என்ற அச்சம். இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கில் உயிர்ப்பலி.

அதே மதிலுக்குள் ஒரு மசூதி. ஜலகண்டேஸ்வரர் கோயிலும் உண்டு. நெடுங்காலம் மூலவர் இல்லாமல், ராணுவக் கிடங்காகவும் இருந்த கோயில். 1981இல்தான் லிங்கம் திரும்பியது.

"உயரத்தை மட்டும் அளக்காதே தம்பி. சுத்தி என்ன நடந்ததுன்னு பாரு" என்றார்.

பின்னாளில் ரோமுக்கும் போனேன்; பிரமித்தேன். அங்கே நின்றபோதும் அவர் குரல்தான் கேட்டது. மாணவச் செல்வங்களே, அடுத்த முறை கோட்டைக்குப் போனால் அந்தச் சின்ன ஆலயத்தின் முன் கொஞ்சம் நில்லுங்கள்.