வாளின் கீழ்ப்பிடி

மரக்காணம் என்றால் எல்லோருக்கும் உப்புதான் ஞாபகம் வரும். ஊர்ப் பெயரில் முதலில் நிற்பது மரம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் நம் ஊர்ப் பக்கம்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அதைப் பாடிய நத்தத்தனார் பக்கத்து இடைக்கழிநாட்டுக்காரர். அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரக்கட்டைகள் கரையில் கிடப்பதை, ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவது போல இருக்கிறது என்கிறார் அவர். அந்தக் கட்டைகளை நம் கரைப் பெண்கள் விறகாக எரித்தார்கள் என்றும் பாட்டில் வருகிறது. ஆக, இந்தக் கரையில் மரம் இரண்டாயிரம் வருஷப் பழக்கம்.

இன்று எழுத வந்தது மரத்தைப் பற்றி அல்ல, அதை அறுக்கிறவர்களைப் பற்றி. அதிலும் ரம்பத்தைப் பிடித்து முன்னால் நிற்கிறவரைப் பற்றி அல்ல. அவருக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறவரைப் பற்றி.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அதாவது 1960களின் ஆரம்பத்தில், சாமில் என்பது திண்டிவனம், பாண்டிச்சேரி போனால்தான் பார்க்கக் கிடைக்கும். வீட்டுக்கு உத்திரம், கதவுப் பலகை வேண்டும் என்றால் அறுப்புக்காரர்கள் ஜோடியாக ஊருக்கு வருவார்கள். ஆள் உயரத்துக்கு மேல் நீளமான வாள். சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வருவார்கள். மற்ற ஊர்களில் பள்ளம் தோண்டி அதன்மேல் மரத்தைக் கிடத்தி அறுப்பார்களாம். நம் ஊர் மணலில் பள்ளம் தோண்டினால் சரியும், கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீரும் வந்துவிடும். அதனால் சவுக்குக் கழிகளைக் கத்திரிக்கால் போலக் கட்டி, அதன்மேல் மரத்தைச் சாய்த்து ஏற்றுவார்கள். ஒருவர் மரத்தின்மேல் ஏறி நிற்பார், இன்னொருவர் கீழே. மேலாள், கீழாள் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு.

முதலில் நூல் அடிப்பார்கள். காவியில் நனைத்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கிச் சுண்டினால் மரத்தில் நேர்கோடு விழும். கோடு மேலே ஒன்று, அடியில் ஒன்று. வாளின் பற்கள் கீழ்நோக்கி இருக்கும். மேலாள் வாளைத் தூக்கிக் கோட்டில் நிறுத்துவார். கீழாள் இழுக்கும்போதுதான் மரம் அறுபடும். அதாவது அறுக்கிற இழுப்பு கீழாளுடையது. தூள் எல்லாம் அவர் தலையிலும் கண்ணிலும் கொட்டும். துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, அண்ணாந்து அடிக்கோட்டைப் பார்த்தபடி நாள் முழுக்க இழுப்பார். அவர் கை கொஞ்சம் சாய்ந்தால், பலகை மேலே சரியாக ஒரு அங்குலம் இருக்கும், அடியில் ஒன்றரை அங்குலம் இருக்கும். பார்க்கிறவர்கள் மேலாளைத்தான் திட்டுவார்கள். பலகை நன்றாக வந்தால் புகழும் மேலாளுக்குத்தான்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. இங்கிலாந்திலும் இதே ஏற்பாடுதான். அங்கே மேலே நிற்கிற அறுப்புக்காரரைக் குறிக்கும் ‘டாப் சாயர்’ என்ற சொல், பேச்சு வழக்கில் பெரிய மனிதர் என்றே பொருளாகிவிட்டது. கீழே நின்றவரின் பெயருக்கு அந்த மாதிரி மரியாதை எதுவும் கிடைக்கவில்லை. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1830களில் வெளியிட்ட ஃபுஜி மலைப் படங்களில் ஒன்று மரம் அறுக்கும் காட்சி. பிரம்மாண்டமான கட்டை சாய்வாக நிற்கிறது, மேலே ஒருவர், அடியில் ஒருவர். ஓரமாக ஒருவர் ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் கத்திரிக்காலைப் பார்த்தபோது எங்கள் தெருவைப் பார்த்த மாதிரி இருந்தது.

கீழாளின் இன்னொரு வேலை ஆப்பு வைப்பது. அறுத்த வாய் மூடிக்கொண்டால் வாள் சிக்கிவிடும். வாள் நகர நகர பின்னால் ஆப்பைத் தட்டிக்கொண்டே வரவேண்டும். பஞ்சதந்திரத்தில் ஆப்பசைத்த குரங்கு கதை எல்லோருக்கும் தெரியும். கோயில் கட்டுகிற இடத்தில் பாதி அறுத்த மரம், நடுவில் ஆப்பு, அறுக்கிறவர்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள். குரங்கு ஆப்பைப் பிடுங்கி மாட்டிக்கொள்கிறது. நான் அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம், சாப்பிடப் போகுமுன் ஒழுங்காக ஆப்பு வைத்துவிட்டுப் போன அந்த ஆளைத்தான் நினைப்பேன்.

மரக்காணத்துச் சவுக்கு தனிக் கதை. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓட ஆரம்பித்தது. எஞ்சினுக்கு அப்போது விறகு வேண்டும். அந்தத் தேவையில்தான் கடற்கரை மணலெல்லாம் சவுக்குத் தோப்பானது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் வெட்டி முடித்த பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி நம் ஊர். உப்பும் விறகும் படகில் ஏறிச் சென்னை போனது. படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தவர்களும் ஒருவகைக் கீழாட்கள்தான். ஆனால் சவுக்கு கழிக்கும் விறகுக்கும் கூழுக்கும்தான். பலகைக்கு வேம்பு, பூவரசு, பலா, மா, வாகை என்று வீட்டு மரங்கள்தான்.

பிறகு மின்சாரம் வந்தது, பட்டை ரம்பம் வந்தது, ஜோடிகள் வருவது நின்றது. நான் அரசுக் கட்டட வேலையில் இருந்த முப்பது சொச்சம் வருஷமும் மர வாடிகளுக்குப் போய்வந்திருக்கிறேன். மிஸ்திரி முன்னால் நின்று கட்டையைத் தள்ளுவார், பின்னாள் வாங்குவார். பின்னாள் அவசரப்பட்டு இழுத்தால் ரம்பம் வளையும், தாமதித்தால் மரம் இறுகும். பழைய மிஸ்திரிகள் ஆள் மாறினால் அன்றைக்கு வேலையே ஆரம்பிக்க மாட்டார்கள். விறகுதானே அறுக்கிறோம் என்று சாக்குச் சொல்லிச் சின்னக் கட்டைகளாக எடுத்துப் போட்டுப் புது ஆளைப் பழக்குவார்கள். அந்தப் பொறுமை உள்ள மிஸ்திரி கையில்தான் விரல் பத்தும் இருக்கும்.

காடுகளைக் காக்கும் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 அக்டோபர் 30இல் போட்ட ஆணைப்படி, மத்திய அதிகாரக் குழுவின் அனுமதி இல்லாமல் எந்த மாநிலமும் புதிய சாமில் திறக்க விடக்கூடாது என்று அப்போது இருந்தது. காட்டுக்கு நல்லதுதான். ஆனால் இதைச் சொல்வதற்குக் காரணம் வேறு. ஒரு பெரும்புயல் வந்து ஒரே ராத்திரியில் மாவட்டம் முழுக்க மரம் விழுந்தால், இருக்கிற சாமில்களால் தாங்க முடியாது.

அது 2011 டிசம்பர் 30 வெள்ளிக்கிழமை நடந்தது. தானே. கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே காலையில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் படுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் பக்கமும் வேம்பு, பூவரசு, தென்னை என்று தெருவுக்குத் தெரு கிடந்தது. நான் ஓய்வு பெற்ற வருஷம் அது. என் மைத்துனர் டிராக்டர் வைத்திருந்தார். எங்கிருந்தோ ஒரு நடமாடும் அறுவை இயந்திரம் வாங்கிவந்தார். பெட்ரோலில் ஓடுகிற சங்கிலி ரம்பம், அதைச் சீராக நகர்த்த இரண்டு இரும்புத் தண்டு, ஒரு சட்டம், அவ்வளவுதான். மரம் விழுந்த இடத்திலேயே பலகை எடுக்கலாம். கணக்கும் மேற்பார்வையும் என் பொறுப்பு.

ரம்பம் பிடிக்க வெளியூர்ப் பையன் ஒருவன் கிடைத்தான், கெட்டிக்காரன். உதவிக்கு வந்த இரண்டு இளைஞர்கள் மூன்றாம் நாள் வரவில்லை. சத்தமும் புகையும் யாருக்குத்தான் பிடிக்கும். அப்போதுதான் உப்பளத்துக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் வந்தார்கள். ஐப்பசியில் மழை பிடித்தால் அளத்தில் வேலை கிடையாது, மறுபடி பாத்தி மிதிக்கத் தை, மாசி ஆகும். அந்த மூன்று மாதம் அவர்களுக்குக் கஷ்ட காலம். (இப்போது சில வருஷமாக அரசு அந்தக் காலத்துக்கு 5000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அப்போது அதுவும் இல்லை.) புயல் வருவதும் சரியாக அதே மாதங்களில்தான்.

அவர்கள் வந்த அன்றே வேலை மாறிவிட்டது. முந்தைய பையன்கள் கட்டையை மணலில் இழுத்துவருவார்கள். பட்டையில் ஏறிய மணல் ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும். ஒரு மரத்துக்குள் இரண்டு தடவை அரம் போட வேண்டியிருக்கும். இந்தப் பெரியவர் நாலு சவுக்குக் கழியைக் கேட்டு வாங்கி, உருளையாகப் போட்டுக் கட்டையை உருட்டினார். அந்த அம்மா குடத்துத் தண்ணீரை ஊற்றி விளக்குமாற்றால் கட்டையைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் ரம்பம் வைக்க விடுவார். தலையில் உப்புக் கூடை சுமந்து வரப்பில் நடந்து பழகியவர்கள். இரண்டு பேர் ஒரு பாரத்தைத் தூக்கினால், ஒரே மூச்சில் எழுந்து ஒரே மூச்சில் வைப்பார்கள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

ஆணி விஷயத்திலும் அப்படித்தான். ஊர் வேப்பமரத்தில் ஆணி இல்லாமல் இருக்காது: மாடு கட்டியது, விளம்பரப் பலகை அடித்தது, வேண்டுதலுக்கு அடித்தது. சங்கிலி ஆணியில் பட்டால் பல் போகும், தெறித்தால் ஆளே போகலாம். ரம்பம் வைக்குமுன் அந்த அம்மா வீட்டுக்காரரிடம் விசாரிப்பார், “இதுல மாடு கட்டனீங்களா?” என்று. மரத்தில் கருநீலமாகக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று கையைத் தூக்குவார். கை எழுந்தால் ரம்பம் நிற்க வேண்டும் என்று அந்தப் பையனுக்கும் சொல்லிவைத்திருந்தோம்.

ஒரு நாள் பெரிய வாகை ஒன்று. வேரோடு சாய்ந்து கிடந்தது. வேர்ப்பக்கம் ஒரு சுவர் மாதிரி எழும்பி நின்றது, அதன் பின்னால் ஆழமான குழி. இப்படிச் சாய்ந்த மரத்தில் நடுத்தண்டை அறுத்துப் பாரத்தை விடுவித்தால், அடிக்கட்டை சட்டென்று நிமிர்ந்து பழைய குழியிலேயே போய் உட்கார்ந்துவிடும். ரம்பம் முக்கால்வாசி போயிருக்கும்போது அந்த அம்மா கையைத் தூக்கினார். பையன் நிறுத்தினான். “ஏய், குழியில புள்ள இருக்குது” என்று கத்திக்கொண்டே சுற்றி ஓடினார். நாலைந்து வயதுப் பையன், பந்து எடுக்க இறங்கியிருக்கிறான். எங்கள் பக்கத்திலிருந்து அந்தக் குழி தெரியாது. பிள்ளையைத் தூக்கி அந்தப் பக்கத்துத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு வந்து, கையை இறக்கினார். ரம்பம் இன்னும் இரண்டு அங்குலம் போனதும் அடிக்கட்டை எழுந்து, தரை அதிர உட்கார்ந்தது. பையனின் பந்து உள்ளேயே போய்விட்டது.

அன்று சாயங்காலம் மைத்துனருக்கும் எனக்கும் கூலியைப் பற்றி வாக்குவாதம். ரம்பம் பிடிக்கிறவனுக்கு ஒரு கூலி, உதவிக்கு வருகிறவர்களுக்கு அதில் பாதி, அதுதான் ஊர் வழக்கம் என்றார் அவர். சின்ன வயதில் நான் பார்த்த அறுப்பு ஜோடிகள் காசைச் சரிபாதியாகத்தான் பிரித்துக்கொள்வார்கள் என்றேன். அது அந்தக் காலம் என்றார். கடைசியில் முக்கால் கூலிக்கு வந்து நின்றார். எனக்குத் திருப்தி இல்லை, அதற்குமேல் டிராக்டரும் இயந்திரமும் என்னுடையவை அல்ல.

இதைப் படித்தபோது ஞாபகம் வந்ததையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வடகிழக்கில் 1938 செப்டம்பர் 21இல் ஒரு பெரும்புயல். விழுந்த பைன் மரங்களை அரசே வாங்கி, பூச்சி விழாமல் இருக்கக் குளங்களில் போட்டு வைத்தது. நியூ ஹாம்ப்ஷயரில் கான்கார்டு ஊருக்குப் பக்கத்தில் டர்க்கி பாண்ட் என்று ஒரு குளம். 1942இல் ஆண்கள் யுத்தத்துக்குப் போய்விட்டதால், அந்தக் குளக்கரையில் வனத்துறை வைத்த சாமிலில் பெண்களைச் சேர்த்து மரம் அறுத்தார்கள். பெண்களால் முடியுமா என்று அங்கேயும் கேட்டிருக்கிறார்கள். நம் ஊர் அளத்துப் பெண்களைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

மாசி பிறந்ததும் பெரியவரும் அந்த அம்மாவும் கணக்கு முடிக்க வந்தார்கள். அளம் திறக்கப் போகிறது, இனி வர முடியாது என்றார்கள். கூலி போக ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். அந்த அம்மா ஓரமாகக் கிடந்த பூவரசங் கட்டையைக் காட்டினார். உப்பு வாருகிற பலகைக்கு ஆகும் என்றார். இரும்பை அந்தத் தண்ணீர் ஒரு பருவத்தில் தின்றுவிடும், பூவரசு படகுக்கே போகிற மரம், உப்புத் தண்ணீரைத் தாங்கும். ரம்பக்காரப் பையன் அன்றைக்குக் கூலி வாங்காமல் நாலு பலகை எடுத்துக் கொடுத்தான். நூல் அடித்தது அந்த அம்மாதான்.