'எவலூஷன்' - 'பரிணாமம்': ஒரு சொல்லின் பொருள் வரலாறு

முன்னுரை

மெல்ல மெல்ல நிகழும் மாற்றத்தைக் குறிக்கும் 'எவலூஷன்' என்னும் ஆங்கிலச் சொல் உயிரியல் முதல் இலக்கிய வரலாறு வரை பல துறைகளில் வழங்குகிறது. தமிழில் அதற்கு ஈடாகப் 'பரிணாமம்' பெருவழக்காக உள்ளது. இச்சொற்கள் தம் பழம்பொருளை எவ்வாறு சுமந்து வருகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆங்கிலத்தில்

சுருளை விரித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே இதன் மூலம். கருவில் முன்னரே உருவமைந்த உயிர் பின்னர் விரிகிறது என்ற கொள்கைக்கு 18ஆம் நூற்றாண்டுக் கருவியலார் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் இதனை ஆண்டார். டார்வின் 1859இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' முதற்பதிப்பில் இப்பெயர்ச்சொல் இடம்பெறவில்லை. இதன் வினைவடிவம் மட்டும் நூலின் இறுதிச் சொல்லாக அமைந்தது. மாற்றத்தோடு கூடிய வழிவருதல் என்றே அவர் தம் கொள்கையைக் குறித்தார். ஹெர்பர்ட் ஸ்பென்சர் இச்சொல்லை முன்னேற்றப் பொருளில் பரப்பினார். 1872ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பில் டார்வினும் இதனை ஏற்றார். விரிதல், முன்னேறுதல் ஆகிய இருபொருளும் அவர் கொள்கைக்குப் பொருந்தாமையே தொடக்கத் தயக்கத்திற்குக் காரணம் என்பார் ஸ்டீபன் ஜே கூல்டு.

தமிழில்

'பரிணாமம்' சாங்கியத்தின் கலைச்சொல். பால் தயிராவது போலக் காரணத்தில் அடங்கிய காரியமே வெளிப்படும் என்னும் சற்காரியவாதம் அதன் அடிப்படை. தனித்தமிழாளர் வழங்கும் 'படிமலர்ச்சி' அரும்பில் அடங்கியதன் விரிவைச் சுட்டுகிறது. ஈழத்துப் பாடநூல்கள் ஆளும் 'கூர்ப்பு' தொல்காப்பிய உரியியலில் உள்ளது மிகுதல் என்னும் பொருளுடையது. மூன்று சொற்களும் முன்னரே உள்ள ஒன்றைக் கருதுவன. டார்வின் தவிர்க்க முயன்ற பொருள் தமிழில் மூன்று வழிகளில் நிலைபெற்றுள்ளது.

நிறைவுரை

உயிரியலில் வரையறை இக்குறையை ஈடுசெய்யும். இலக்கிய வரலாற்றில் அவ்வாறில்லை. காப்பியத்தின் பரிணாமமே நாவல் என்று எழுதும்போது, காப்பியத்துள் நாவல் முன்னரே உறைந்திருந்தது என்ற கருத்து ஆய்வின்றியே நுழைகிறது. 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்திற்குப் பின்புலமான அச்சும் ஆங்கிலக் கல்வியும் பார்வையினின்று மறைகின்றன. பின்னர் இணைக்கப்பட்ட 'வளர்ச்சி' என்னும் சொல்லோ மாற்றம் அனைத்தையும் மேம்பாடாக்கிவிடுகிறது. எனவே 'பரிணாம வளர்ச்சி' என்று எழுதும் ஆய்வாளர், மாறியது எது, எதனால் மாறியது என்பவற்றைச் சான்றுடன் நிறுவுதல் இன்றியமையாதது.