மரவேலை இயந்திரங்களின் துருத்தடுப்பு

மரவேலை இயந்திரங்களின் துருத்தடுப்பு என்பது வட்ட ரம்பம், பட்டை ரம்பம், இழைப்பு இயந்திரம், கடைசல் இயந்திரம் முதலியவற்றை நெடுநாள் இயக்காமல் வைத்திருக்கும்போது, அவற்றின் இரும்புப் பகுதிகள் துருப்பிடிக்காமல் காக்கும் முறைகளைக் குறிக்கும். இவற்றின் மேசைகள் பெரும்பாலும் வண்ணம் பூசப்படாத வார்ப்பிரும்பால் ஆனவை. துருவினால் ஆழமான குழிகள் விழுந்தால், இழந்த சமதளத்தை எளிதில் மீட்க இயலாது.

கடலோரச் சூழல்

புதுச்சேரியின் சாரம் போன்ற பகுதிகள் வங்காள விரிகுடாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. கடற்காற்றுடன் வரும் உப்புத் துகள்கள் இயந்திரங்களின் மீது படிகின்றன. இங்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேற்பட்ட மழை பதிவானது. காரைக்குடியில் 1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இந்தியாவின் உலோக அரிமான வரைபடத்தை உருவாக்கியுள்ளது.

துரு உண்டாகும் விதம்

இரும்பு, நீர், ஆக்சிசன் ஆகியவை சேர்ந்து நீரேறிய இரும்பு ஆக்சைடை உண்டாக்குகின்றன. இதற்கு மழை நனைக்க வேண்டியதில்லை. பொதுவாக ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் துருப்பிடித்தல் விரைவடைகிறது. கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு, 35 விழுக்காட்டிற்கும் குறைந்த ஈரப்பதத்திலேயே காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கரைசலாகிறது.

30° செ. வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட காற்றின் பனிநிலை சுமார் 26° செ. ஆகும். இரவில் குளிர்ந்த கனமான வார்ப்பிரும்பு, காலையில் அறைக்காற்றைப்போல் விரைவாகச் சூடாவதில்லை. ஆகவே அதன் மீது நீர் படிகிறது. மரத்தூள் இந்த ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. உலராத மரத்திலிருந்து வெளிப்படும் அசிட்டிக் அமில ஆவியும் இரும்பை அரிக்கும்.

பாதுகாக்கும் முறைகள்

1. மரத்தூளை முற்றிலும் அகற்ற வேண்டும்.
2. மண்ணெண்ணெய் உப்பைக் கரைக்காது. எனவே எண்ணெய்ப் பசையை நீக்கியபின், மின்கலத்திற்கு ஊற்றும் வடிநீரில் நனைத்த துணியால் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். உப்பின் மேல் பூசிய எண்ணெயின் அடியிலும் துரு வளரும்.
3. வியர்வையிலும் உப்பு இருப்பதால், சுத்தம் செய்த பரப்பை வெறுங்கையால் தொடலாகாது.
4. மெல்லிய எண்ணெய் நாளடைவில் வடிந்துவிடும். பல மாதங்களுக்குக் கிரீசு, கம்பளிக் கொழுப்பு அல்லது மெழுகுப் பசை ஏற்றது. சிலிக்கோன் கலந்தவை பின்னர் மரத்தில் ஒட்டி, மெருகெண்ணெய் பிடிக்காமல் செய்யும்.
5. உலர்ந்த கட்டைகளின் மேல் இயந்திரத்தை உயர்த்தி வைத்துப் பருத்தித் துணியால் மூட வேண்டும். நெகிழித்தாளால் தரைவரை மூடினால் தரையின் ஈரம் உள்ளேயே தங்கும்.
6. காற்றைச் சற்றுச் சூடாக்குவதும் பயன் தரும். 26° செ. வெப்பத்தில் 80 விழுக்காடாக உள்ள ஈரப்பதம், அதே காற்று 31° செ. ஆனால் சுமார் 60 விழுக்காடாகக் குறையும்.
7. சிலிக்கா கூழ்மம் இறுக மூடிய பெட்டிகளில் மட்டுமே பயன்படும். அலகுகளையும் வெட்டுகத்திகளையும் இவ்வாறு வைக்கலாம்.

மீண்டும் இயக்குதல்

பட்டை ரம்பத்தின் அலகைத் தளர்த்தி வைப்பதும், மாதம் ஒருமுறை சுழல்தண்டுகளைக் கையால் சுற்றிவிடுவதும் நலம். வெள்ளம் புகுந்த அல்லது நெடுநாள் நின்ற மின்னோடியை உடனே இயக்கலாகாது. அதன் சுருளின் காப்புத் தடையை மெக்கர் கருவியால் அளந்து, குறைந்தது 1 மெகா ஓம் இருப்பதை உறுதி செய்த பின்னரே மின்னிணைப்புத் தர வேண்டும்.