ஔவை உட்கார்ந்த இடம்

சென்னையில் ஒரு நட்சத்திர விடுதியின் பாரில் தோழியோடு ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். சிறிய மேசை, மங்கிய விளக்கு, தாழ்ந்த குரலில் பேச்சு. கோப்பையில் என்ன இருந்தது என்பது மறந்துவிட்டது. இரண்டு மணி நேரம் எங்களை யாரும் முறைக்கவில்லை என்பதுதான் நினைவில் நிற்கிறது. நாமக்கல்லில் வளர்ந்த எனக்கு, இருட்டிய பிறகு வீட்டுக்கு வெளியே அப்படி உட்கார இடம் இருந்ததில்லை.

எங்கள் பக்கத்து மதுவின் வரலாற்றை 1937 அக்டோபர் 1இல்தான் தொடங்குவார்கள். சென்னை மாகாணப் பிரதமர் ராஜாஜி அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். நாமக்கல், திருச்செங்கோடு, தருமபுரி எல்லாம் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே ‘விமோசனம்’ இதழை நடத்தியவர் அவர்.

அந்த மதுவிலக்கை நான் எளிதில் தள்ளமாட்டேன். கூலி முழுதாக வீடு வந்து சேர்வதும், அடி வாங்காமல் ஓர் இரவு கழிவதும் பெண்ணுக்குச் சின்ன விஷயமல்ல. ஆனால் அந்தக் கதையில் பெண் எப்போதும் வாசலில் காத்திருப்பவள். குடிக்காத கணவன் திரும்பி வருவதோடு அவள் கதை முடிந்துவிடுகிறது. அவளுக்கென்று ஒரு மாலைப்பொழுது அதில் இல்லை.

அதே மாவட்டத்துக்கு இன்னும் பழைய நினைவு ஒன்று உண்டு. தருமபுரிதான் அன்றைய தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றின் 235ஆம் பாட்டு. போர்க்களத்துக்கு முன்பே அவர் நினைத்துக்கொள்வது அவன் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்டதைத்தான். ஒரு பெண் கூசாமல் உட்கார்ந்து குடித்ததும் பாடியதும் இதே மண்ணில்தான்.

2003இல் மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் ஏற்றது. கடையை மூடச் சொல்லிப் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று அத்தகைய போராட்டத்திலேயே உயிரிழந்தார்.

அந்தக் கடையைத் தாண்டும்போது நானும் நடையை எட்டிப்போடுகிறேன். விடுதி பாரில் நிம்மதியாக உட்கார்கிறேன். அங்கே ஒரு கோப்பையின் விலை, எங்கள் ஊர் விசைத்தறியில் நிற்கும் பெண்ணின் ஒரு நாள் கூலியைத் தாண்டும். ஔவைக்கு நட்பில் கிடைத்ததை நான் காசுக்கு வாங்குகிறேன். வாங்க முடியாதவள் வீட்டில் இருக்கிறாள்.

கடையை மூடு என்கிறவளுக்கும் பாரில் உட்கார்கிற எனக்கும் இருட்டிய பின் பயமில்லாத பொழுதுதான் வேண்டும். அதற்கு மது தேவையில்லை. எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் ஏழு மணிக்கு இரண்டு பெண்கள் உட்கார்ந்து பேச முடிந்தாலே போதும்.